விண்வெளி நிலையத்தில் ஆள் மாறுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வதேச விண்வெளி நிலையம் பற்றி வரும் செய்திகளில் பாதி, யார் போனார், யார் வந்தார் என்பதுதான். 'குரூ-9 இணைந்தது', 'எக்ஸ்பெடிஷன் 72 தொடங்கியது', 'சோயுஸ் தரையிறங்கியது' என்று அடுத்தடுத்து வரும். எது எதோடு சேர்ந்தது என்று குழம்பிப்போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நாற்காலிக் கணக்கு என்ற ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்றவை அநேகமாகத் தானே புரிந்துவிடும். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நிலையத்தில் ஏன் பெரும்பாலும் ஏழு பேர்தான் இருக்கிறார்கள்?

ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் மூன்று இருக்கைகள். ஸ்பேஸ்எக்ஸின் டிராகனில் நான்கு. மூன்றும் நான்கும் ஏழு. அவ்வளவுதான் விஷயம்.

வீரர்களை ஏற்றி வந்த கலம் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடுவதில்லை. அவர்கள் அங்கே இருக்கும் ஆறு முதல் எட்டு மாதமும் நிலையத்தோடு இணைந்தபடியே நிற்கிறது. தீ பிடித்தாலோ, காற்று கசிந்தாலோ, குளிர்விப்பு அமைப்பில் இருக்கும் அம்மோனியா உள்ளே புகுந்தாலோ எல்லோரும் அவரவர் கலத்துக்குள் ஓடிப் பூமிக்கு இறங்கிவிட வேண்டும். ஆகவே திரும்பி வர இருக்கை இல்லாமல் ஒருவரைக்கூட மேலே விட்டுவைக்கக் கூடாது என்பது விதி. கலம் போனால் அதன் ஆட்களும் போக வேண்டும். இணைப்புத் துறை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கலத்தை நகர்த்தும் அரைமணி, ஒருமணி நேர வேலைக்குக்கூட அந்தக் கலத்தின் வீரர்கள் அத்தனை பேரும் உடையை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துதான் போவார்கள். மறுபடி இணைய முடியாமல் போனால் அப்படியே ஊர் திரும்பிவிடலாம் அல்லவா!

குழு மாறும் சில நாட்களில் மட்டும் எண்ணிக்கை பத்து, பதினொன்று என்று ஏறும். நாசாவின் விண்வெளி ஓடமான ஷட்டில் பறந்த காலத்தில், 2009இல், 13 பேர் ஒரே சமயத்தில் இருந்திருக்கிறார்கள்.

எக்ஸ்பெடிஷன் எண் வேறு, குரூ எண் வேறு, சோயுஸ் எண் வேறு. ஏன் இத்தனை எண்கள்?

பேருந்து எண்ணையும் வீட்டு எண்ணையும் போல நினைத்துக்கொள்ளுங்கள். 'குரூ-10' (இது டிராகனின் பயண எண்), 'சோயுஸ் எம்.எஸ்-22' என்பவை எந்த வண்டியில் வந்தார்கள் என்பதைச் சொல்கின்றன. 'எக்ஸ்பெடிஷன்' என்பது நிலையத்தில் ஒரு காலகட்டத்தில் சேர்ந்து வேலை செய்கிறவர்களின் பெயர். வழக்கமாக ஒரு சோயுஸ் நிலையத்தை விட்டுப் பிரியும் நொடியில் பழைய எக்ஸ்பெடிஷன் முடிந்து புதியது தொடங்குகிறது. டிராகன் வருவதும் போவதும் இந்த எண்ணை மாற்றுவதில்லை. அதனால்தான் டிராகனில் வந்த ஒருவர் தங்கியிருக்கும் காலத்தில் இரண்டு எக்ஸ்பெடிஷன்களில் பெயர் இடம்பெறுவது சாதாரணம்.

ஏன் ஆறு மாதம்? ஒரு வருடம் வைத்தால் பயணச் செலவு மிச்சம்தானே?

மனிதர்களின் உடம்பு ஒரு காரணம். எடையற்ற நிலையில் எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒரு சதவீத அளவில் குறையக்கூடும். அதைத் தடுக்கத்தான் தினமும் இரண்டு மணி நேர உடற்பயிற்சி. கதிர்வீச்சும் நாளாக ஆகச் சேர்ந்துகொண்டே போகும்.

ஆனால் அதிகம் பேசப்படாத காரணம் வண்டியின் ஆயுள். சோயுஸ் இறங்கும்போது அதன் திசையைச் சரிசெய்யும் சிறு உந்திகள் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஓடுகின்றன. அந்தத் திரவம் சும்மா இருந்தாலே மெல்லச் சிதைந்துகொண்டிருக்கும். ஆகவே சோயுஸுக்கு நீண்ட காலம் சுமார் 200 நாள் கெடு வைத்திருந்தார்கள். டிராகனுக்கு ஆரம்பத்தில் 210 நாள் என்று வைத்தார்கள். உடம்பு தாங்கினாலும் வண்டி தாங்காது.

விண்வெளிச் சுற்றுலாவின் ஆரம்பமும் இந்தக் கெடுவிலிருந்து வந்ததுதான். நிலையத்தின் முதல் சில ஆண்டுகளில் நீண்டகாலக் குழுக்கள் பெரும்பாலும் ஷட்டிலில் வந்து போனார்கள். சோயுஸ் அவசரப் படகாக மட்டும் நின்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும் என்பதால், புதிய சோயுஸை ஓட்டிவந்து, ஒரு வாரம் தங்கி, பழையதில் திரும்புவதற்கென்றே குழுக்கள் போயின. 'டாக்ஸிப் பயணம்' என்றே அதற்குப் பெயர். மூன்றாவது இருக்கை காலி. 2001 ஏப்ரலில் அதை விலை கொடுத்து வாங்கிப் போனவர்தான் அமெரிக்கத் தொழிலதிபர் டென்னிஸ் டிட்டோ.

பழைய குழு புதிய குழுவிடம் ஒப்படைக்கும்போது என்னதான் நடக்கிறது?

எனக்கு இந்த முழு விவகாரத்திலும் மிகப் பிடித்த பகுதி இது.

கலம் இணைந்தவுடன் கதவைத் திறந்துவிட மாட்டார்கள். இணைப்பில் காற்று கசிகிறதா என்று ஒன்றிரண்டு மணி நேரம் சோதிப்பார்கள். கதவு திறந்து, கட்டிப்பிடித்து, படம் எடுத்து, வீட்டாரோடு பேசி முடித்ததும் முதல் வேலை பாதுகாப்பு விளக்கம். தீயணைப்பான் எங்கே, முகமூடி எங்கே, ஓட வேண்டிய வழி எது என்பதை எல்லாம் காட்டிவிட்டுத்தான் மற்றது.

வந்தவர்களில் பலருக்கு முதல் சில நாள் தலைசுற்றலும் குமட்டலும் இருக்கும். முகம் உப்பியிருக்கும். சுவரில் ஓங்கி உதைத்துக்கொண்டு கிளம்பி எதிர்ச் சுவரில் மோதுவார்கள். பழையவர்கள் இரண்டு விரலால் தள்ளி, நினைத்த இடத்தில் நிற்பார்கள். தரையில் வருடக்கணக்கில் மாதிரி நிலையத்தில் பயிற்சி எடுத்தவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கிறது: எந்தப் பை எதன் பின்னால் இருக்கிறது, எந்தக் கருவி சொன்னபடி கேட்காது, கழிப்பறையின் எந்தக் குழாயைக் கவனித்துக் கையாள வேண்டும். பொருட்களுக்கெல்லாம் பட்டைக் குறியீடு ஒட்டிக் கணினியில் கணக்கு வைத்திருந்தாலும், கட்டாமல் விட்ட பொருள் மிதந்து போய்விட்டால் கணினிக்கு எங்கே தெரியும்?

அப்புறம் தூங்கும் இடம். ஆளுக்கு ஒரு தொலைபேசிக் கூண்டு அளவு அறைதான். ஆட்கள் கூடும் நாட்களில் சிலர் தாங்கள் வந்த கலத்திலேயே தூங்குவார்கள்.

புறப்படுபவர்களின் பக்கம் வேறு மாதிரி. அவர்கள் பொருட்களைக் கட்டுவார்கள், முடிந்த ஆய்வுகளின் மாதிரிகளை ஏற்றுவார்கள், இறங்கும் நடைமுறையைத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்ப்பார்கள். இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு உப்பும் நீரும் நிறைய எடுத்துக்கொள்வார்கள். எடை திரும்பியதும் இரத்தம் காலுக்கு இறங்கி மயக்கம் வராமல் இருக்கத்தான் இது.

நேரடி ஒப்படைப்பு, மறைமுக ஒப்படைப்பு என்கிறார்களே?

புதியவர்கள் வந்த பிறகு பழையவர்கள் போனால் நேரடி. பழையவர்கள் போன பிறகு புதியவர்கள் வந்தால் மறைமுகம். நேரடி முறையைத்தான் எல்லோரும் விரும்புகிறார்கள், ஆள் குறையும் இடைவெளி வராது என்பதால். ஆனால் வானிலை, ராக்கெட் கோளாறு என்று ஏதாவது குறுக்கே வந்தால் மறைமுகத்துக்குச் சம்மதிக்க வேண்டியிருக்கும்.

கமாண்டர் எப்படி மாறுகிறார்?

எல்லோரும் கூடி நிற்க, பழைய கமாண்டர் சில வார்த்தை பேசி, அடையாளமாக ஒரு சாவியைப் புதியவரிடம் கொடுப்பார். அந்தச் சாவியால் திறக்க அங்கே பூட்டு எதுவும் கிடையாது! நிலையத்தில் ஒரு கப்பல் மணியும் உண்டு. முதல் குழுவின் கமாண்டர் வில்லியம் ஷெப்பர்ட் அமெரிக்கக் கடற்படைக்காரர். வருகையையும் புறப்பாட்டையும் மணி அடித்து அறிவிக்கும் கப்பல் வழக்கம் அவரோடு மேலே போனது.

2000 முதல் நிலையம் ஒரு நாள்கூடக் காலியாக இருந்ததில்லையாமே?

உண்மை. முதல் பாகமான சார்யா 1998 நவம்பர் 20 அன்று ஏவப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, 2000 நவம்பர் 2 அன்று ஷெப்பர்ட், யூரி கிட்ஸென்கோ, செர்கேய் கிரிகலேவ் மூவரும் உள்ளே நுழைந்தார்கள். இந்தக் கிரிகலேவ், சோவியத் யூனியன் உடைந்தபோது அந்த நாட்டின் விண்வெளி நிலையமான மிர்ரில் இருந்தவர். ஒரு நாட்டிலிருந்து கிளம்பி வேறொரு நாட்டில் இறங்கியவர். மிர்ரில் தொடர்ந்து ஆள் இருந்த காலம் பத்து வருடத்துக்குச் சற்றுக் குறைவு. 2010 அக்டோபரில் சர்வதேச நிலையம் அதைத் தாண்டியது. 2025 நவம்பரில் 25 வருடம் முடிந்தது.

ஆனால் காலியாகும் நிலைமை சில முறை நெருங்கி வந்திருக்கிறது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா ஷட்டில் ஏழு பேரோடு அழிந்ததும் ஷட்டில்கள் நிறுத்தப்பட்டன. மேலே இருந்த மூவர் மே மாதம் சோயுஸில் இறங்கினார்கள். அந்தக் கலம் செங்குத்தான பாதைக்கு மாறி, குறித்த இடத்திலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி விழுந்தது தனிக் கதை. ஷட்டில் இல்லாமல் தண்ணீரும் உணவும் போதாது என்பதால் அதன் பின் இரண்டு இரண்டு பேராகவே அனுப்பினார்கள். 2006 ஜூலையில் தாமஸ் ரைட்டர் போய்ச் சேர்ந்த பிறகுதான் எண்ணிக்கை மறுபடி மூன்றானது. 2011 ஆகஸ்டில் பிராக்ரஸ் சரக்குக் கலம் ஒன்று ஏவும்போதே அழிந்தது. அதே குடும்பத்து ராக்கெட்தான் வீரர்களையும் ஏற்றுவது என்பதால் நிலையத்தைக் காலி செய்யும் யோசனையே எழுந்தது. நவம்பரில் புதியவர்கள் போய்ச் சேர்ந்து ஒரு வாரத்துக்குள் பழையவர்கள் கிளம்பினார்கள். 2018 அக்டோபர் 11 அன்று அலெக்சி ஒவ்சினினும் நிக் ஹேக்கும் ஏறிய சோயுஸ் பாதி வழியில் ராக்கெட்டிலிருந்து தப்பிப் பிரிந்து தரைக்கு வந்தது. இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஐந்து மாதத்தில் மறுபடி கிளம்பிவிட்டார்கள்.

ஃபிராங்க் ரூபியோ எப்படி 371 நாள் தங்கினார்? வேண்டுமென்றே வைத்தார்களா?

இல்லை. அவர் ஆறு மாதம் என்று நினைத்துத்தான் 2022 செப்டம்பரில் செர்கேய் புரோகோபியேவ், திமித்ரி பெதெலின் இருவரோடு சோயுஸ் எம்.எஸ்-22இல் போனார். டிசம்பர் மத்தியில் அந்தக் கலத்திலிருந்து குளிர்விப்புத் திரவம் வெள்ளைத் துகள்களாகப் பீய்ச்சி அடித்தது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை. விண்கல் துகள் பட்டது என்பது ரஷ்யத் தரப்பின் முடிவு. குளிர்விப்பு இல்லாமல் மூவர் இறங்கினால் உள்ளே வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

இப்போது நாற்காலிக் கணக்கைப் பாருங்கள். மூன்று பேருக்கு நம்பிக்கையான இருக்கை இல்லை. முதலில் ரூபியோவின் இருக்கை அச்சை எடுத்து, பக்கத்தில் நின்ற டிராகனுக்குள் கட்டினார்கள். (சோயுஸில் ஒவ்வொருவருக்கும் அவரவர் முதுகின் வடிவத்தில் வார்த்த அச்சு உண்டு. தரையில் மோதும் அதிர்ச்சியை அதுதான் தாங்கும்.) ஆள் குறைந்தால் வெப்பமும் குறையும் என்பதால் அவசரம் வந்தால் மற்ற இருவர் மட்டும் பழுதான சோயுஸில் இறங்குவதாக ஏற்பாடு. 2023 பிப்ரவரியில் எம்.எஸ்-23 ஆளில்லாமல் வந்து சேர்ந்தது. அதில் வந்திருக்க வேண்டிய மாற்றுக் குழு வரவில்லை என்பதால் இந்த மூவரும் அவர்கள் முறையையும் சேர்த்துப் பார்த்து, செப்டம்பர் 27 அன்று இறங்கினார்கள். ஒரே பயணத்தில் அதிக நாள் இருந்த அமெரிக்கர் என்ற சாதனை ரூபியோவைத் தேடி வந்தது இப்படித்தான். புரோகோபியேவைப் பற்றி ஒரு வார்த்தை: 2018இல் அவர் போன சோயுஸில்தான் காற்றுக் கசியும் துளை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. மாற்றுக் குழு பாதி வழியில் திரும்பிய அந்த அக்டோபரிலும் மேலே காத்திருந்தவர் அவர்தான்.

சுனிதா வில்லியம்ஸ் சிக்கிக்கொண்டாரா, இல்லையா?

சிக்கிக்கொண்டார் என்று தலைப்புப் போட்டால் விற்கும். நடந்தது இதுதான். அவரும் புட்ச் வில்மோரும் 2024 ஜூன் 5 அன்று போயிங்கின் ஸ்டார்லைனரில், சுமார் எட்டு நாள் சோதனைப் பயணமாகப் போனார்கள். வழியில் உந்திகள் சில மக்கர் செய்தன, ஹீலியமும் கசிந்தது. வாரக்கணக்கில் ஆராய்ந்த பின், ஆட்களை அதில் இறக்க வேண்டாம் என்று நாசா முடிவெடுத்தது. செப்டம்பரில் ஸ்டார்லைனர் காலியாக இறங்கியது, பத்திரமாகவே.

அடுத்து வர இருந்த குரூ-9இல் நால்வர். அதில் ஸீனா கார்ட்மனும் ஸ்டெஃபனி வில்சனும் தங்கள் இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். நிக் ஹேக், அலெக்சாண்டர் கோர்புனோவ் இருவர் மட்டும் இரண்டு காலி இருக்கைகளோடு செப்டம்பர் 28 அன்று கிளம்பினார்கள். ஸ்டார்லைனர் போய் இது வந்து சேரும்வரை இருந்த மூன்று வாரத்துக்கு? அப்போது அங்கே நின்ற குரூ-8 டிராகனில் சரக்கு வைக்கும் இடத்தில் இருவருக்கும் அவசரப் படுக்கை ஏற்பாடு செய்தார்கள்.

அதன் பிறகு அவர்கள் விருந்தாளிகள் இல்லை. முறையான எக்ஸ்பெடிஷன் உறுப்பினர்கள். சுனிதா கமாண்டராகவே பொறுப்பேற்றார், விண்நடை போனார். மாற்றுக் குழு வந்தால்தான் கிளம்ப முடியும் என்பதால் குரூ-10 வரும்வரை காத்திருந்து, 2025 மார்ச் 18 அன்று இறங்கினார்கள். மொத்தம் 286 நாள். செப்டம்பர் கடைசியிலிருந்து அவசரம் என்றால் இறங்கக் கலம் இருந்தது. ஆகவே 'சிக்கினார்' என்பதை விட 'பணி நீண்டது' என்பதே சரி என்பது என் கருத்து. ஆனால் எட்டு நாளுக்குத் துணி எடுத்துப் போனவரின் வீட்டில் அதை எப்படிச் சொன்னார்கள் என்பது வேறு விஷயம்.

அமெரிக்கர் சோயுஸிலும் ரஷ்யர் டிராகனிலும் ஏன் மாறி மாறிப் போகிறார்கள்?

நிலையத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி அமெரிக்கப் பக்கத்திலிருந்து வருகிறது. சுற்றுப்பாதையை உயர்த்தும் வேலையில் ரஷ்யப் பகுதிக்குப் பெரும் பங்கு. ஏதோ ஒரு வகைக் கலம் முடங்கி, ஒரு தரப்பு ஆட்கள் மட்டுமே மிஞ்சினால் மற்றப் பாதியை யார் பார்ப்பது? அதனால் ஒவ்வொரு வண்டியிலும் இரு தரப்பிலிருந்தும் ஒருவராவது இருக்கும்படி 2022இல் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பணம் கைமாறாத பண்டமாற்று. ரூபியோ சோயுஸில் போனதும், அன்னா கிகினா குரூ-5 டிராகனில் போனதும் இதன் கீழ்தான்.

யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால்?

நிலையத்தில் மருந்துகள், அல்ட்ராசவுண்ட் கருவி, இதய அதிர்ச்சிக் கருவி எல்லாம் உண்டு. தரையிலிருந்து மருத்துவர்கள் வழிகாட்டுவார்கள். பல வருடம் இதுவே போதுமானதாக இருந்தது. 2026 ஜனவரியில் முதல்முறையாக, மருத்துவக் காரணத்துக்காக ஒரு குழுவே முன்கூட்டி இறங்கியது. குரூ-11. ஒருவருக்குத்தான் பிரச்சினை, அது யார் என்று நாசா அப்போது சொல்லவில்லை. ஆனால் ஒரே வண்டி என்பதால் நால்வரும் வர வேண்டியதாயிற்று. புதிய குழு வரும்வரை நிலையத்தை மூன்று பேர் பார்த்துக்கொண்டார்கள். முன்கூட்டி இறங்கிய குரூ-11இன் கமாண்டர் யார் தெரியுமா? குரூ-9இல் இடம் விட்டுக்கொடுத்த அதே ஸீனா கார்ட்மன்.

முக்கியமான மைல்கற்களைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஆள் மாற்றத்தை ஒட்டியவற்றை மட்டும் சொல்கிறேன். 2007இல் பெக்கி விட்சன் நிலையத்தின் முதல் பெண் கமாண்டர் ஆனார். 2009 மேயில் நிரந்தரக் குழு மூன்றிலிருந்து ஆறானது. சிறுநீரையும் வியர்வையையும் குடிநீராக்கும் கருவி வந்திருக்காவிட்டால் இது நடந்திருக்காது. 2011 ஜூலையில் கடைசி ஷட்டில் போய் வந்தது. அடுத்த ஒன்பது வருடம் சோயுஸ் ஒன்றுதான் வழி. 2020 மே 30 அன்று டக் ஹர்லியும் பாப் பென்கனும் டிராகனில் கிளம்பினார்கள். அந்த நவம்பரில் குரூ-1 வந்ததும் ஏழு பேர் என்பது வழக்கமானது. 2024 செப்டம்பரில் ஒலெக் கொனோனென்கோ ஐந்து பயணங்களில் மொத்தம் 1,111 நாளை முடித்து இறங்கினார். ஒரே பயணத்தில் அதிக நாள் என்ற சாதனை மட்டும் இன்னும் மிர் காலத்து வலேரி பொல்யகோவிடம் இருக்கிறது: 437 நாள், 1994 முதல் 1995 வரை.

சுபான்ஷு சுக்லா எந்தக் குழுவில் சேர்த்தி?

2025 ஜூன் 25 அன்று ஆக்ஸியம்-4 என்ற தனியார் பயணத்தில், பெக்கி விட்சன் தலைமையில் போனார். ஜூலை 15 அன்று கடலில் இறங்கினார். இப்படிப்பட்ட குழுக்கள் சொந்தக் கலத்தில் வந்து, இரண்டு மூன்று வாரம் தங்கி, அதே கலத்தில் போய்விடுவார்கள். ஆள் மாற்றக் கணக்கில் வரமாட்டார்கள், எக்ஸ்பெடிஷன் எண்ணும் கிடையாது. சர்வதேச நிலையத்துக்குப் போன முதல் இந்தியர் இவர்தான்.

சீனாவின் நிலையத்திலும் இதே முறைதானா?

ஏறக்குறைய. தியான்கோங்கில் மூவர், ஆறு மாதம், ஷென்சோ கலம். 2022 நவம்பர் கடைசியில் முதல்முறையாக இரு குழுக்கள் அங்கே சந்தித்துப் பொறுப்பை மாற்றிக்கொண்டன. நாற்காலிக் கணக்கு அவர்களையும் விடவில்லை. 2025 நவம்பரில் ஷென்சோ-20இன் ஜன்னலில் விரிசல் தெரிந்தது. குப்பைத் துகள் பட்டிருக்கலாம் என்றார்கள். அந்தக் குழுவைப் புதிதாக வந்திருந்த ஷென்சோ-21இல் இறக்கிவிட்டார்கள். புதியவர்கள் நம்பத்தக்க கலம் இல்லாமல் சில நாள் இருக்க நேர்ந்தது. நவம்பர் 25 அன்று ஷென்சோ-22 ஆளில்லாமல் போய் அந்தக் குறையைத் தீர்த்தது.

சர்வதேச நிலையம் எத்தனை நாளைக்கு ஓடும்?

2030 வரை இயக்குவது திட்டம். பிறகு ஸ்பேஸ்எக்ஸ் செய்துவரும் தனிக் கலம் ஒன்று அதைப் பிடித்துத் தள்ளி, ஆளில்லாத கடற்பரப்பில் விழச்செய்யும். அதற்கு முன் கடைசிக் குழு இறங்கிவிடும்.

கலம் வருவதையும் போவதையும் நாம் பார்க்க முடியுமா?

நிலையத்தை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். சூரியன் மறைந்த பின்னோ உதிக்கும் முன்போ, மினுமினுக்காமல் சீராக நகரும் பெரிய வெளிச்சப் புள்ளி. ஆறு நிமிடத்துக்குள் வானத்தைக் கடந்துவிடும். உங்கள் இடத்துக்கான நேரத்தை நாசாவின் இணையதளம் சொல்லும். கலம் பிரிந்த அன்றோ இணையப்போகும் அன்றோ அது வந்தால், கொஞ்சம் கூடுதல் நேரம் நின்று பாருங்கள். பெரிய புள்ளிக்கு முன்னாலோ பின்னாலோ அதே பாதையில் மங்கலான சின்னப் புள்ளி ஒன்று போகும். அதற்குள் மூன்று அல்லது நான்கு பேர் இருக்கிறார்கள்.